ஏசி கேஸ் எங்கே போனது என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடைக்காலத்தில் காரைப் பராமரிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்புகளைப் படித்தேன். டயர் காற்று, கூலன்ட், பேட்டரி பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஏசிக்கு மட்டும் ஒரே வரி: வெயில் தொடங்கும் முன் ஆண்டுக்கு ஒருமுறை கேஸ் நிரப்பிக்கொள்ள வேண்டுமாம். அந்த வரியை மறுக்கத்தான் இந்தக் கடிதம். எங்கள் வேலூரில் மார்ச் பிறந்துவிட்டாலே ஏசி கடை வாசலில் கார்கள் வரிசை கட்டிவிடும். அப்படி நிற்பவற்றில் பல கார்களுக்குக் கேஸே தேவைப்படாது. தேவைப்படுகிற கார்களுக்கோ கேஸ் மட்டும் போட்டால் போதாது.

நான் மெக்கானிக் இல்லை. அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கிற வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான் என்று ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கார் ஏசியும் அதே கதைதான். கம்ப்ரெஸர் கேஸை அழுத்திச் சூடாக்குகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸரில் அந்தச் சூடு வெளிக்காற்றுக்குப் போய், கேஸ் திரவமாகிறது. அந்தத் திரவம் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் மறுபடி ஆவியாகும்போது நம்மைச் சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு மீண்டும் கம்ப்ரெஸருக்கே போகிறது. மூடிய சுற்று. இதில் கேஸ் எரிவதும் இல்லை, தேய்வதும் இல்லை.

வீட்டு ஃப்ரிட்ஜ் பதினைந்து, இருபது வருடம் கேஸ் போடாமல் ஓடுகிறதே, கார் மட்டும் ஏன் இப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஃப்ரிட்ஜில் மோட்டாரும் கம்ப்ரெஸரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் பற்றவைத்து மூடப்பட்டவை. குழாய்களும் பற்றவைத்தவை. காரில் கம்ப்ரெஸரை என்ஜின் பெல்ட் சுற்றுவதால் அதன் அச்சு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அந்த இடத்தில் ஒரு சீல் உண்டு. என்ஜின் அதிர்வதால் சில குழாய்கள் ரப்பராகத்தான் இருந்தாக வேண்டும். இணைப்புக்கு இணைப்பு ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். இவற்றின் வழியே பல வருடங்களில் கொஞ்சம் கேஸ் குறைவது இயல்பு. ஆனால் போன சித்திரையில் போட்டது இந்தச் சித்திரைக்குள் காலி என்றால் அது இயல்பு இல்லை. எங்கோ ஓட்டை இருக்கிறது.

என் சின்ன காருக்கு நடந்ததும் அதுதான். ஒவ்வொரு கோடையிலும் ஒரு கடையில் கேஸ் போட்டுக்கொண்டு வந்தேன். ஒருமுறை அங்கிருந்த பையனிடம் கேட்டேவிட்டேன்.

"தம்பி, போன வருஷம் போட்ட கேஸ் எங்கப்பா போச்சு?"

"அது அப்படித்தான் டீச்சர். நம்ம ஊரு வெயிலுக்கு ஆவியாயிடும்."

"மூடின குழாய்க்குள்ள இருக்கிறது ஆவியாகி எங்கப்பா போகும்?"

சிரித்தானே தவிர பதில் வரவில்லை. இதற்கு மேல் அவனைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கசிவைத் தேடினால் அரை நாள் போகும், அதற்கு யாரும் காசு தருவதில்லை. கேஸ் போட்டால் முக்கால் மணி நேரத்தில் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் கைக்கு வரும். முதலாளி சொன்னதை அவன் செய்கிறான்.

அன்று அவன் அழுத்தத்தை அளக்கும் மீட்டரை மாட்டி, என்ஜின் ஓடாத நிலையிலேயே முள்ளைக் காட்டிப் பேசினான். அதை இங்கே விளக்கிவிட வேண்டும், ஏனென்றால் பலரும் அந்த முள்ளை நம்பித்தான் பணம் கொடுக்கிறார்கள். இன்றைய பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். குழாய்க்குள் அதன் திரவம் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும்வரை, நின்ற நிலையில் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான், அளவு அல்ல. 35 டிகிரி நிழலில் முள் சுமார் 115 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அலகு) காட்டும். முழு அளவு இருந்தாலும் அதேதான், பாதி கசிந்துபோயிருந்தாலும் அதேதான். வீட்டு சிலிண்டர் தீருகிற கடைசி நாள்வரை அடுப்பு ஒரே மாதிரி எரிகிறதல்லவா, அதே நியாயம். எனவே என்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, கம்ப்ரெஸருக்குள் கேஸ் போகும் குளிர்ந்த பக்கம், அழுத்தப்பட்டு வெளியே வரும் சூடான பக்கம் ஆகிய இரண்டின் அழுத்தத்தையும் பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும். இரண்டுமே தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவாக இருக்கலாம். இரண்டுமே ஏறியிருந்தால் கண்டென்ஸருக்குக் காற்று போதவில்லை, அல்லது கேஸ் அதிகமாகிவிட்டது. தாழ்வாக இருக்க வேண்டிய பக்கம் ஏறி, ஏற வேண்டிய பக்கம் இறங்கியிருந்தால் கம்ப்ரெஸரையே சந்தேகிக்க வேண்டும். ஒற்றை முள்ளைப் பார்த்து 'கேஸ் இல்லை' என்பது ஜோசியம்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே நாம் பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது. முதலில், ஏசி எப்படிக் கெட்டிருக்கிறது என்று கவனியுங்கள். காற்றே சரியாக வரவில்லையா, காற்று வந்தும் குளிர் இல்லையா? இந்த இரண்டும் வேறு வேறு நோய். காற்று குறைவு என்றால் பெரும்பாலும் ஏசி ஃபில்டர். பல கார்களில் கிளவ் பாக்ஸைக் கழற்றினால் அதன் பின்னால் இருக்கும், ஸ்குரூ டிரைவர்கூட வேண்டாம். என் காரில் உருவியபோது வேப்பம்பூவும் தூசியும் அட்டையாகப் படிந்திருந்தது. காற்றை உள்ளே தள்ளும் ப்ளோயர் விசிறி 1, 2, 3-இல் ஓடாமல் 4-இல் மட்டும் ஓடினால், பல சாதாரணக் கார்களில் அது விசிறியின் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெஸிஸ்டரின் கோளாறு. இதற்கும் கேஸுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இன்னொரு வகை உண்டு. நன்றாகக் குளிர்ந்துகொண்டே வந்து, ஒரு மணி நேரத்தில் காற்று மெல்லக் குறைந்து, கடைசியில் வராமலே போகும். ஏசியை அணைத்து இருபது நிமிடம் விட்டால் பழையபடி வரும். கூலிங் காயிலில் பனி கட்டி அடைத்துக்கொள்கிறது. காயிலின் குளிரை அளந்து கம்ப்ரெஸரை நிறுத்தச் சொல்லும் சென்சார் பழுதாகியிருக்கலாம். ஃபில்டர் அடைத்துக் காற்று போதாமலும் இப்படி ஆகும். ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

காற்று நன்றாக வந்தும் குளிர் இல்லை என்றால் பானட்டைத் திறக்க வேண்டியதுதான். காரை நிழலில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, என்ஜினை ஓடவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஏசி பட்டனை அழுத்தட்டும். நீங்கள் வெளியே நின்று காதைக் கொடுங்கள். சேலை முந்தானை, துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ஃபேன் எந்த நொடியும் தானாகச் சுற்றத் தொடங்கும், கையை அருகே கொண்டுபோகாதீர்கள்.

பட்டனை அழுத்தியதும் 'டக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். பெல்ட் சுற்றும் சக்கரமான கம்ப்ரெஸர் புல்லிக்கு முன்னால் வட்டமாக ஒரு இரும்புத் தட்டு தெரியும், அதுதான் கிளட்ச். புல்லி எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். இந்தத் தட்டு மட்டும் ஏசி போட்டால்தான் புல்லியோடு ஒட்டிக்கொண்டு சேர்ந்து சுற்றும். செல்போன் டார்ச்சை அடித்தால் நன்றாகத் தெரியும். தட்டு சும்மா நிற்கிறது என்றால், கேஸ் முழுதாக இருந்தாலும் காற்று குளிராது. ஃபியூஸைப் பாருங்கள். மின்சாரத்தை இணைத்துவிடும் சின்ன ஸ்விட்சான ரிலேயைச் சந்தேகித்தால், அதே பெட்டியில் அதே எண் போட்ட ஹாரன் ரிலே இருந்தால் இரண்டையும் மாற்றிச் செருகிப் பார்க்கலாம். வயரை எலி கடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் சத்துவாச்சாரியில் கார் வைத்திருப்பவர்களைக் கேட்டால் எலிப் புராணமே பாடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் காருக்கு ஒரு கடையில் கம்ப்ரெஸரே போய்விட்டது என்று சொன்னார்கள். அவர் வீட்டுக்கு வந்த எலக்ட்ரீஷியன் தம்பி கிளட்ச்சுக்குப் போகும் வயரை ஒட்டி, டேப் சுற்றிவிட்டுப் போனார். அப்புறம் இன்றுவரை அந்த ஏசிக்குக் குறையில்லை. சில புதிய கார்களில் கிளட்சே இல்லாத கம்ப்ரெஸர் வருகிறது, அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

தட்டு ஒட்டாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கேஸ் மிகவும் குறைந்துவிட்டால் அழுத்தத்தைக் கவனிக்கும் ஒரு ஸ்விட்ச் கம்ப்ரெஸரை ஓடவிடாமல் தடுக்கும். அது பழுதில்லை, பாதுகாப்பு. கம்ப்ரெஸருக்குத் தேவையான எண்ணெய் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுக்குள் பயணம் செய்கிறது, கேஸ் இல்லாமல் ஓடினால் எண்ணெய் திரும்பி வராமல் கம்ப்ரெஸர் சுற்ற முடியாமல் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அந்த ஸ்விட்சின் இரண்டு முனையையும் வயரால் இணைத்து 'டைரக்ட்' கொடுத்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

ஹைவேயில் போகும்போது ஜில்லென்று இருக்கிறது, கிரீன் சர்க்கிள் சிக்னலில் நின்றால் வெந்நீர் ஆவி மாதிரி வருகிறது என்பார்கள் சிலர். இது கேஸ் குறைவின் அடையாளமாகவும் இருக்கலாம் என்றாலும், நான் முதலில் பார்ப்பது கண்டென்ஸர் ஃபேனை. ஓடும் காருக்கு எதிர்க்காற்றே போதும், நிற்கும் காருக்கு ஃபேன்தான் காற்று. ஏசி போட்ட சிறிது நேரத்தில் ஃபேன் சுற்றவில்லை என்றால் மோட்டார், ரிலே, ஃபியூஸ் என்று தேடலாம். சுற்றுகிறது என்றால் முன் கிரில் வழியாக டார்ச் அடித்துக் கண்டென்ஸரின் முகத்தைப் பாருங்கள். பூச்சியும் மண்ணும் அப்பியிருந்தால், என்ஜின் ஆறிய பிறகு செடிக்கு விடும் ஹோஸில் மெல்லிய நீராக விட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பம்பைக் கிட்டே வைத்து அடித்தால் அந்தத் தகடுகள் மடிந்து, இருந்த காற்றுவழியும் அடைபடும்.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் கசிவைத் தேட வேண்டும். இதற்குக் கண்ணும் சோப்புத் தண்ணீரும் போதும். கேஸோடு எண்ணெயும் சேர்ந்து கசியும் என்பதால், மற்ற இடத்தில் வறண்ட தூசி இருக்க, கசியும் இணைப்பில் மட்டும் கறுத்த ஈரப்பிசுக்கு ஒட்டியிருக்கும். அந்த இடங்களைக் குறித்துவைத்து, என்ஜினை நிறுத்திச் சூடு ஆறிய பின், பாத்திரம் கழுவும் சோப்பைக் கெட்டியாகக் கரைத்துத் தூரிகையால் தடவுங்கள். என்ஜினை நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓடும்போது குளிர்ந்த பக்கக் குழாயில் அழுத்தம் 30, 40 பிஎஸ்ஐதான். நிறுத்திச் சற்று நேரம் ஆனால் இரண்டு பக்கமும் சமமாகி நூறைத் தாண்டும். சின்னக் கசிவு அப்போதுதான் தன்னைக் காட்டும்.

என் காரில் கண்டென்ஸர் மூலை, குழாய் இணைப்புகள் எல்லாவற்றிலும் தடவிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. கடைசியில் கேஸ் ஏற்றுகிற வால்வில் ஒரு சொட்டு விட்டேன். சைக்கிள் டியூபில் இருப்பது போன்ற ஊசி வால்வுதான் அது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு கடுகளவில் ஒரு குமிழி எழுந்து, மிளகளவு ஆகி, உடைந்தது. அதே இடத்தில் அடுத்தது எழுந்தது. அந்த வால்வுக்கு ரப்பர் வளையம் வைத்த ஒரு பிளாஸ்டிக் மூடி உண்டு, கசிவைத் தடுக்கும் இரண்டாவது காவல். என் காரில் அது இல்லவே இல்லை, யாரோ கழற்றியதைத் திரும்பப் போடவில்லை. ஆக, வருடாவருடம் எந்த வாசல் வழியாகக் கேஸ் உள்ளே போனதோ, அதே வாசல் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் ஊசியின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் குறைவு.

எல்லாக் கசிவும் இப்படிக் கண்ணில் படாது. கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கிறது, அதைச் சோப்பால் தொட முடியாது. கடையில் சாயம் ஏற்றிப் புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள், நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். அது அவர்கள் வேலை. நம் வேலை பானட்டோடு நிற்க வேண்டும் என்பதில் நான் கண்டிப்பானவள். ஆர்-134ஏ கொதிப்பது மைனஸ் 26 டிகிரியில். குழாயைக் கழற்றினால் பீறிட்டு வருவது தோலை உறையவைக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. என்ஜின் ஓடும்போது சூடான பக்கத்தில் 200 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். ஆகவே எந்த இணைப்பையும் வீட்டில் தளர்த்தக் கூடாது. கேஸ் கேன் வாங்கிவந்து தானே ஏற்றிக்கொள்கிறவர்களையும் பார்க்கிறேன். என் கார் பானட்டின் உள்பக்க ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் அளவு 350 கிராம். கடையில் கிடைக்கும் கேன்கள் சிலவற்றில் இருப்பதோ 450 கிராம். எடை பார்க்காமல் முழுதும் ஏற்றினால் குளிர் கூடாது, குறையும், கம்ப்ரெஸருக்கும் கேடு. ஓட்டையை அடைக்கும் திரவம் என்று விற்பதையும் நான் தொடமாட்டேன், அது கடைக்காரரின் இயந்திரத்தையும் அடைத்துவிடும்.

இன்னொன்று. இந்தக் கேஸ் ஓசோனைக் கெடுக்காது, ஆனால் ஒரு கிலோ ஆர்-134ஏ நூறு ஆண்டுக் கணக்கில் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். என் காரின் 350 கிராமைப் பெருக்கிப் பாருங்கள், 500 கிலோ வருகிறது. 200 லிட்டருக்கு மேல் பெட்ரோல் எரித்ததற்குச் சமம். இத்தகைய கேஸ்களைப் படிப்படியாகக் குறைப்பதற்கான சர்வதேச ஒப்பந்தமான 2016-ஆம் ஆண்டின் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றுக்கொண்டது. தேசம் அங்கே கையெழுத்துப் போட்டிருக்க, நாம் இங்கே ஓட்டைக் குழாயில் வருடாவருடம் கேஸ் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

எனக்குக் கடைசியாக வேலை செய்துகொடுத்தது வேறொரு கடை. இருந்த கேஸை இயந்திரத்தில் இழுத்துச் சேமித்தார்கள். ஊசியை மாற்றி அரை மணி நேரம் வாக்குவம் போட்டார்கள், அதாவது பம்பால் உறிஞ்சிக் குழாய்களை வெற்றிடமாக்கினார்கள். உள்ளே புகுந்த காற்றும் ஈரமும் போவதற்கு அதுதான் வழி. பிறகு பம்பை நிறுத்தி, முள் அசைகிறதா என்று காத்திருந்தார்கள். அசையவில்லை. கேனைத் தராசில் வைத்து 350 கிராம் ஏற்றி, புது மூடியும் போட்டார்கள். கூலி கொஞ்சம் அதிகம்தான். பில்லில் மட்டும் வழக்கம்போல 'ஏசி வேலை' என்று இரண்டே சொல். நான் கேட்ட பிறகு கசிந்த இடம், மாற்றிய பொருள், வாக்குவம் நேரம், ஏற்றிய கிராம் நான்கையும் அந்தத் தம்பி கையால் எழுதிக்கொடுத்தார். கேட்டால் எழுதித் தருகிறார்கள், கேட்பதற்குத்தான் நமக்குக் கூச்சம். உங்கள் வாசகர்களும் கேட்க வேண்டும்.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்த ஒரு வரியைத் திருத்தி வெளியிடுங்கள். 'குளிர் குறைந்தால் முதலில் ஃபில்டர், ஃபேன், கிளட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். கேஸ்தான் குறைந்திருக்கிறது என்றால், கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகே நிரப்புங்கள்' என்று இருந்தால் போதும். இடம் இல்லை என்றால் என் கடிதத்தில் எலிக் கதையை வெட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
சத்துவாச்சாரி, வேலூர்.